காற்றுக்கும் ஓர் எடைக்கல்: ஓசோன் வரம்பு பிறந்த கதை

மலருக்குக் கட்டுரை கேட்டால் வழக்கமாக நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குகைகள், மேல்சித்தாமூர் மடம் என்று எங்கள் வட்டாரத்துச் செய்திகளையே எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவை காற்றைப் பற்றி எழுதுகிறேன். தில்லியில் வாழும் நாம் நவம்பர் மாதப் புகையைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வானம் நீலமாக இருக்கும்போது காற்றில் கலந்து வரும் ஒரு வாயுவைப் பற்றிப் பேசுவாரில்லை. கண்ணுக்குத் தெரியாதது, கரி படியாதது, வெயிலில் விளைவது. அதன் பெயர் ஓசோன்.

நான் விஞ்ஞானம் முறையாகப் படித்தவன் அல்லன். பி.யூ.சி.யோடு கடைக்கு வந்துவிட்டேன். தொழில் ரப்பர் சாமான் வியாபாரம்: வாஷர், கேஸ்கெட், ஹோஸ் குழாய், பெல்ட். ஆனாலும் இந்த வாயு என் தொழிலுக்குப் பழைய பகையாளி என்பதால் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க என்னை இழுத்தது ஒரே கேள்விதான். "இவ்வளவு வரை பரவாயில்லை, இதற்கு மேல் கூடாது" என்று காற்றுக்கு ஒரு கோடு போடுகிறார்களே, அதை யார், எதை வைத்துப் போடுகிறார்கள்? அளவையோடு வாழ்நாளைக் கழித்த வியாபாரிக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

ஓசோன் நல்லதா, கெட்டதா?

எங்கள் மாடி வீட்டு மாமி ஒரு நாள் கேட்டார்: "நயினார், ஓசோன் குறையறதுன்னு ஒரு பக்கம் சொல்றா. கூடறதுன்னு இன்னொரு பக்கம் சொல்றா. எதை நம்பறது?"

இரண்டையும் நம்பலாம். பொருள் ஒன்று, இடம் இரண்டு. பூமியில் உள்ள ஓசோனில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மிக உயரத்தில் இருக்கிறது. அது சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குடை. மீதிப் பத்துப் பங்கு நாம் மூச்சு விடும் கீழ்க்காற்றில் இருக்கிறது. குடை தலைக்கு மேல் இருந்தால் நல்லது. அதுவே தொண்டைக்குள் போனால்? மாமியிடம் அப்படித்தான் சொன்னேன்.

சாதாரண ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள். ஓசோனில் மூன்று. மூன்றாவது அணு ஒட்டிக்கொண்டிருக்கப் பிடிக்காத அணு. எதைக் கண்டாலும் தாவிப் பற்றி எரிக்கும். 1840 வாக்கில் பாஸல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன் இதற்குப் பெயர் வைத்தபோது, 'மணப்பது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடும்போது ஒரு நெடி வருமே, அதில் ஓசோனின் பங்கு உண்டு.

கடன் கணக்கு

கீழ்க்காற்று ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேராக விடுவதில்லை. இது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. இதை வியாபாரி பாஷையில் சொன்னால் எளிதாக விளங்கும்.

வண்டிகள், ஜெனரேட்டர்கள், அனல் மின் நிலையங்கள் ஆகியவை நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்பது வெயில் பட்டதும் தன் ஆக்சிஜன் அணு ஒன்றைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. அந்த அணு ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. கொடுத்தவர் இப்போது ஓர் அணு குறைந்து நைட்ரிக் ஆக்சைடாக நிற்கிறார். அவர் சும்மா இருப்பாரா? ஓசோனைப் பிடித்துக் கடனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இத்துடன் நின்றால் வரவும் செலவும் சரி. காற்றில் ஓசோன் சேராது.

நடுவில் மூன்றாவது ஆள் வருகிறார். பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், ரப்பர் ஒட்டும் சொல்யூஷன் போன்றவற்றிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகள் அவை. மரங்களும் ஓரளவு விடுவதுண்டு. இந்த ஆவிகள் வெயிலில் சிதைந்து, நைட்ரிக் ஆக்சைடுக்கு வேண்டிய அணுவைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. கடன் கொடுத்தவருக்கு வேறு கையால் பணம் வந்துவிட்டது. ஓசோனைத் தேடிப்போய் வசூலிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓசோன் காற்றில் தேங்குகிறது. வெயில் ஏற ஏறத் தேக்கமும் ஏறும். அதனால்தான் பகல் ஒரு மணிக்கு மேல் மாலை வரை உச்சம்; இரவில் இறக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. வண்டிகள் நெரியும் சாலைச் சந்திப்பில் நைட்ரிக் ஆக்சைடு புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் அங்கே ஓசோன் குறைவாக இருக்கும். காற்று நகர்ந்து புறநகருக்கும் வயல்வெளிக்கும் போனபின் கூடும். 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்று நைட்ரஜன் ஆக்சைடுகள் சரிந்தபோது, உலகின் பல நகரங்களில் ஓசோன் குறையாமல் ஏறியது இந்தக் கணக்கினால்தான். இரண்டு சரக்கையும் சேர்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் தொட்டால் கணக்கு கோணும்.

ரப்பர் சொன்ன சாட்சி

இந்த உண்மை வெளிப்பட்ட ஊர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். 1943 ஜூலையில் அந்த நகரத்தை ஒரு மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. யுத்த காலம் அல்லவா, எதிரி விஷவாயு வீசிவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் தயாரித்த ஓர் ஆலையின்மேல் பழி விழுந்தது. அதைத் தற்காலிகமாக மூடியும் பார்த்தார்கள். மூட்டம் விலகவில்லை.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர் வேதியியல் பேராசிரியராக இருந்தார். அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்தவர். மணத்தைப் பிரித்தறியும் அதே வித்தையை நகரத்துக் காற்றின்மேல் அவர் திருப்பினார். 1950களின் தொடக்கத்தில் வண்டிப் புகையும் பெட்ரோலிய ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார்.

அதற்குச் சாட்சி சொன்னவற்றில் ரப்பரும் ஒன்று. அந்த ஊரில் டயர்கள் சீக்கிரம் வெடிப்பு விட்டன. வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டைக் காற்றில் வைத்து, முதல் வெடிப்பு தெரிய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்தே ஆரம்பத்தில் ஓசோனை அளந்தார்கள். எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். இழுத்துக் கட்டிய ரப்பரில் இழுவைக்குக் குறுக்கே மயிரிழை வெடிப்பு வந்தால் அது ஓசோன் வேலை. ஸ்டாக்கை மோட்டார் பக்கத்தில் அடுக்காதே என்று கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதனால்தான். ரப்பருக்காவது மெழுகும் மருந்தும் கலந்து பாதுகாப்புக் கொடுக்கலாம். குழந்தையின் மூச்சுக் குழாய்க்கு அப்படி ஒரு பூச்சு கிடையாது.

ஒரு வரம்பில் நான்கு கேள்விகள்

"ஓசோனுக்கு வரம்பு 100" என்று மட்டும் சொன்னால் அது அரைகுறைப் பேச்சு. நான்கு விஷயங்களைத் தீர்மானித்தால்தான் வரம்பு முழுமையாகும். எதை அளப்பது? எத்தனை மணி நேரச் சராசரி? எவ்வளவு? வருஷத்தில் எத்தனை தடவை மீறினால் மன்னிப்பு? நான்கில் எதை மாற்றினாலும் சட்டம் கடுமையாகும் அல்லது தளரும்.

அமெரிக்கச் சரித்திரம் இதற்கு நல்ல பாடம். 1970-ல் வந்த அவர்களது தூய காற்றுச் சட்டம், வரம்பு மக்களின் உடல்நலத்தைக் காக்க வேண்டும், அதுவும் போதுமான பாதுகாப்பு இடைவெளியோடு காக்க வேண்டும் என்றது. 1971-ல் முதல் வரம்பு: ஒரு மணி நேரத்துக்கு, காற்றின் நூறு கோடிப் பங்கில் 80 பங்கு. அப்போது ஓசோனைத் தனியாகப் பிரிக்காமல் ஒளி வேதி ஆக்சிடன்ட்டுகள் என்று மொத்தமாக வைத்தார்கள். 1979-ல் ஓசோன் என்று தனியாக்கி 120 பங்குக்குத் தளர்த்தினார்கள்.

அதன் பிறகு ஆய்வுகள் வேறு விஷயம் சொல்லின. ஆரோக்கியமான இளம் தொண்டர்களை ஓர் அறையில் 6.6 மணி நேரம் விட்டு விட்டு உடற்பயிற்சி செய்ய வைத்து, அறைக் காற்றில் அளந்து ஓசோன் கலந்தார்கள். 80 பங்கிலேயே நுரையீரல் ஒரே மூச்சில் வெளியேற்றும் காற்றின் அளவு குறைந்தது. உச்சகட்ட ஒரு மணி நேரம் மட்டுமல்ல, நாள் முழுக்க நிதானமாக வாங்கும் மூச்சும் கெடுக்கிறது என்பது தெளிவாயிற்று. ஆகவே 1997-ல் ஒரு மணிக் கணக்கை விட்டு எட்டு மணி நேரச் சராசரிக்கு மாறி, 80 பங்கு என்று வைத்தார்கள்.

இங்கே ஒரு வியாபாரச் சூட்சுமம் இருக்கிறது. அந்த வரம்பைத் தசமத்தில் 0.08 என்று இரண்டு இலக்கத்தோடு எழுதியிருந்தார்கள். முழுமையாக்கும் விதிப்படி 0.084 வரை வந்தாலும் அது 0.08தான். நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி! 2008-ல் மூன்றாவது இலக்கம் வரை எழுதி 0.075 என்றாக்கியபோதுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

அப்போதும் சட்டப்படி அமைந்த அறிவியல் ஆலோசனைக் குழு 60-க்கும் 70-க்கும் இடையில் வைக்கச் சொல்லியிருந்தது. நிர்வாகம் 75-ல் நின்றது. 2010-ல் அதைக் குறைக்க முன்மொழிவு வந்து, 2011 செப்டம்பரில் ஜனாதிபதி ஒபாமாவின் கோரிக்கையின்பேரில் திரும்பப் பெறப்பட்டது. 2015-ல் 70 ஆயிற்று. 72 பங்கிலேயே ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மூச்சளவுக் குறைவும் உடல் தொல்லையும் சேர்ந்து தெரிந்த ஓர் ஆய்வு அதற்கு முக்கிய ஆதாரம். 72-க்கும் 70-க்கும் இடையே இருப்பது போதுமான இடைவெளியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் அந்த 70-ஐ மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

கல்லைத் தேய்க்கலாமா?

இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு வழக்கு. 1997 வரம்பை எதிர்த்து லாரித் தொழில் சங்கம் வழக்குப் போட்டது. இதை நிறைவேற்ற ஆகும் செலவையும் கணக்கில் எடுத்துத்தானே எண்ணைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2001 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வரம்பு எண்ணைத் தீர்மானிக்கையில் செலவைப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. உடல்நலம் எதைக் கேட்கிறதோ அதுவே எண். அதை எப்படி, எந்த வழியில் எட்டுவது என்று மாநிலங்கள் திட்டம் போடும்போது செலவு பேசலாம்.

நானும் வியாபாரிதான். செலவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தீர்ப்பு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எடைக்கல் ஒரு கிலோ இருக்க வேண்டும் என்பது என் கடை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்ததல்ல. கடனைக் கட்டத் தவணை கேட்கலாம். கல்லைத் தேய்க்கக் கூடாது. எங்கள் சமண ஒழுக்க நூல்களில் இல்லறத்தாரின் கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்களில் ஒன்றாக, அளவைகளைக் கூட்டிக் குறைத்து வைப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். காற்றின் வரம்பைச் செலவுக்குத் தக்கபடி உயர்த்தினாலும் அதே குற்றம்தான். சரக்கு மட்டும் வேறு: பிறர் மூச்சு.

அப்படியானால் பூஜ்யம் என்றே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. மனிதன் ஒரு வண்டியும் ஓட்டாவிட்டாலும் இயற்கையிலேயே கீழ்க்காற்றில் கொஞ்சம் ஓசோன் உண்டு. இதற்குக் கீழே யாருக்கும் ஒன்றுமே ஆகாது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தையும் ஆய்வுகள் தரவில்லை. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று நம் பெரியவர்கள் பிரித்தார்களே, காற்றின் வரம்பு அணுவிரதம் போன்றது. ஆனால் அணுவிரதத்தையும் வலியவனைப் பார்த்து வைக்கவில்லை. யாருக்குத் துன்பம் நேருமோ அவரைப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை, வெயிலில் கல் சுமக்கும் கூலி, வயதான மூச்சுக்காரர்: இவர்களைக் கொண்டுதான் கோடு போட வேண்டும். குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதிக நேரம் வெளியில் ஓடி விளையாடுகிறது.

நம் நாட்டுக் கோடு

இந்தியாவில் காற்று மாசுச் சட்டம் 1981-ல் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் முதல் காற்றுத் தரங்களை வகுத்தது; 1994-ல் திருத்தியது. இரண்டிலும் ஓசோன் இல்லை. 2009 நவம்பர் 18 அறிவிக்கையில்தான் பன்னிரண்டு மாசுகளில் ஒன்றாக ஓசோன் இடம்பெற்றது. எட்டு மணி நேரச் சராசரி, கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மணி நேரத்துக்கு 180. முன்பு தொழிற்பேட்டைக்குத் தனி வரம்பு, குடியிருப்புக்குத் தனி வரம்பு என்றிருந்த பேதத்தையும் அந்த அறிவிக்கை நீக்கிற்று. பேட்டையில் வேலை செய்கிறவனுக்கும் நுரையீரல் ஒன்றுதானே!

நம் 100, உலக சுகாதார நிறுவனம் 2005-ல் சொன்ன எட்டு மணி அளவேதான். 2021-லும் அந்த அளவை மாற்றாமல் வைத்து, ஓசோன் மிகும் ஆறு மாதங்களின் சராசரி 60-க்கு மேல் போகக் கூடாது என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 70 பங்கை நம் கணக்குக்கு மாற்றினால் சுமார் 137 மைக்ரோகிராம் வரும். ஆக, எண்ணை மட்டும் பார்த்தால் நாம்தான் கடுமையானவர்கள்!

பெருமைப்படுவதற்கு முன்னால் நான்காவது கேள்விக்கும் அதற்கு அடுத்ததற்கும் போக வேண்டும். நம் விதிப்படி அளவீடுகள் வருஷத்தில் 98 சதவீத நேரம் வரம்புக்குள் இருக்க வேண்டும். மீதி 2 சதவீதம் மீறலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு அளவீட்டு நாட்களில் மீறக் கூடாது. மீறினால்? தொடர்ந்து அளந்து மேலும் விசாரிக்க அது போதிய காரணம் என்கிறது அறிவிக்கை. அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு பகுதி வரம்பை எட்டவில்லை என்று அறிவிக்கப்பட்டால் மாநிலம் திட்டம் தர வேண்டும். அதற்குக் கெடு உண்டு. தவறினால் தண்டனையும் உண்டு. 2019-ல் தொடங்கிய நம் தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் இலக்குகளும் நுண்துகள்களுக்குத்தான். ஓசோனுக்கு இலக்கு வைக்கப்படவில்லை. கல் சரியான எடை. முத்திரையும் குத்தியாயிற்று. கடைக்காரன் அதைத் தராசில் வைக்காவிட்டால் கேட்பதற்குத்தான் இன்ஸ்பெக்டர் இல்லை.

இழப்பு மூச்சோடும் நிற்பதில்லை. ஓசோன் இலைத் துளை வழியே புகுந்து பயிரையும் அரிக்கும். 2005-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து இந்திய ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த ஒரு வருஷத்தில் ஓசோனால் குறைந்த கோதுமை சுமார் 35 லட்சம் டன், அரிசி சுமார் 21 லட்சம் டன். நகரத்து வண்டியின் புகை, பக்கத்து மாநில விவசாயியின் மூட்டையில் கை வைக்கிறது.

நாம் செய்யக் கூடியது

முதலில் வீட்டளவில். ஓசோன் வாயு; துகள் அல்ல. குளிர்காலத்தில் உதவும் என்-95 முகக்கவசம் இதைத் தடுக்காது. துகள் வடிகட்டி மட்டும் உள்ள காற்றுச் சுத்திகரிப்பானும் தடுக்காது. அயனி விடும் சில வகைகள் தாமே ஓசோனை உண்டாக்கும். வாங்குமுன் கேட்டு வாங்குங்கள். நல்ல செய்தி என்னவென்றால், வீட்டுக்குள் ஓசோன் வெளியைவிடக் குறைவு. ஆகவே கோடையில் பசங்களின் கிரிக்கெட், ஓட்டம், நம்முடைய நடைப்பயிற்சி எல்லாவற்றையும் விடியற்காலைக்குத் தள்ளுங்கள். பிற்பகலில் வேண்டாம். பெட்ரோலையும் விடிகாலையிலோ இருட்டிய பிறகோ போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பார்க்கப் பழகுவோம். 2015-ல் தொடங்கிய காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைத் தனித்தனியே கணக்கிட்டு, எது மிக மோசமோ அதையே அன்றைய எண்ணாகச் சொல்கிறது. கோடையில் புழுதி முந்திக்கொண்டால் ஓசோன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வாரியத்தின் 'சமீர்' செயலியில் நிலையத்தைத் தொட்டு, ஓசோன் வரியைத் தனியாகப் பாருங்கள். ஓசோன் குறியீடு நூறைத் தாண்டினால் எட்டு மணி வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, கேட்கப் பழகுவோம். நம் சங்கங்கள் பள்ளிகள் நடத்துகின்றன, விளையாட்டு விழா நடத்துகின்றன, குடியிருப்போர் சங்கங்களில் நம்மவர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். ஏப்ரல் மாதப் பிற்பகலில் விளையாட்டு விழா வேண்டாம் என்று சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நம் பேட்டைக்கு மிக அருகில் ஓசோன் அளக்கும் நிலையம் எங்கே இருக்கிறது, சாலைச் சந்திப்பிலா பூங்காவிலா, சென்ற கோடையில் எத்தனை நாள் 100-ஐத் தாண்டியது, தாண்டிய பின் யார் என்ன விசாரித்தார்கள் என்று எழுதிக் கேட்கலாம். இதற்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்தே இருக்கிறது.

சந்தையில் சரியான கல் இருப்பதற்கு அரசாங்கம் மட்டும் காரணமல்ல. "கல்லைக் காட்டுப்பா" என்று கேட்கும் வாடிக்கையாளரும் காரணம். காற்றுக்கு இன்னும் அந்த வாடிக்கையாளர் வந்து சேரவில்லை. நாம் போய் நிற்கலாம்.